17 ஆயிரம் அடி கடலுக்குள் மெஷின் போச்சு! 46 அடி கோமுகி அணைக்கு வர என்ன தடை?

மழைக்காலம் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரே விசாரிப்புதான்.

"அண்ணே, கோமுகி எத்தனை அடி?"

"நாப்பத்தி நாலு தொட்டுடுச்சாம் தம்பி. ஷட்டரைத் திறந்துட்டாங்களாம்."

கேட்டவருக்கும் சந்தோஷம். சொன்னவருக்கும் சந்தோஷம். கல்வராயன் மலையில் பெய்த மழை வீண்போகவில்லை, இந்த வருஷம் வயல் பிழைத்தது, கடையில் கடன் பாக்கி வசூலாகும் என்று ஒரு நிம்மதி.

ஆனால் அந்த "நாப்பத்தி நாலு" முழு உண்மை அல்ல. அளவுகோல் தண்ணீரின் உயரத்தைத்தான் சொல்லும். அடியில் எவ்வளவு சேறு படுத்திருக்கிறது என்று அது சொல்லாது.

அரிசிக் கடைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். படியின் அடியில் மெழுகு ஒட்டி வைத்து அளந்தால் என்ன ஆகும்? படி என்னவோ தலைதட்டி நிறையும். வீட்டுக்குப் போய் உலையில் போடும்போதுதான் குறைவு தெரியும். கோமுகி அணைக்கு மெழுகு ஒட்டியது யாரும் அல்ல. மலையில் இருந்து மழை அடித்துக்கொண்டு வந்த மண்தான் ஒட்டியது.

மலை கொடுத்த மண்

கச்சிராயப்பாளையம் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. கட்டியது 1960-களில். உயரம் 46 அடி. கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி, அதாவது 56 கோடி கன அடி. பருவமழை நேரத்தில் பாதுகாப்பு கருதி 44 அடியிலேயே நிறுத்தி, மிச்சத்தை ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். இதை நம்பி இருப்பது பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். நெல் உண்டு, கரும்பு உண்டு. கச்சிராயப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருக்கிறது.

இந்த அணைக்கு அறுபது வயசு ஆகிறது. மலையடிவார அணைகளுக்கு ஒரு தலையெழுத்து. ஓடை செங்குத்தாக இறங்கி வரும். வேகமாக வரும் தண்ணீர் கல், மணல், வேர், இலைச்சருகு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். அணைக்குள் நுழைந்ததும் வேகம் செத்துவிடும். கனமான கல்லும் மணலும் வாய்ப்பக்கமே விழும். மெல்லிய வண்டல் கரை வரைக்கும் போய்ப் படியும். ஒவ்வொரு மழைக்கும் இதே கதை.

விளைவு என்ன? அணைக்குள் இடம் குறைகிறது. கொஞ்ச மழைக்கே "ரொம்பிடுச்சு" என்று பேர். ஷட்டர் திறக்கிறார்கள். தண்ணீர் மணிமுக்தா, வெள்ளாறு வழியாக வங்கக்கடலுக்குப் போய்ச் சேருகிறது. பங்குனி, சித்திரையில் அதே தண்ணீருக்கு விவசாயி வானத்தைப் பார்க்கிறான்.

23 வருஷக் கணக்கு

"பொக்லைன் விட்டு அள்ளினால் போச்சு!" என்று சொல்லிவிடலாம். சொல்லுவது சுலபம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கட்டும்.

அணையில் பத்தில் ஒரு பங்கு மண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது 5 கோடியே 60 லட்சம் கன அடி. ஒரு டிப்பர் லாரியில் 2 யூனிட், அதாவது 200 கன அடி போகும் என்றால், 2 லட்சத்து 80 ஆயிரம் லோடு! தினம் 200 லோடு அடித்தாலும் 1,400 நாள் வேண்டும்.

அந்த 1,400 நாளும் தொடர்ச்சியாகக் கிடைக்குமா? கிடைக்காது. பொக்லைன் இறங்க வேண்டும் என்றால் அணை காய வேண்டும். சேறு இறுக வேண்டும். இல்லாவிட்டால் வண்டியே புதைந்துவிடும். வருஷத்தில் 60 நாள் கிடைத்தால் பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் 23 வருஷம் ஆகும். அதற்குள் மலை சும்மா இருக்குமா? புது மண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதுக்கு மேட்டூரே சாட்சி. 1934-ல் திறந்த அணை அது. 2017-ம் ஆண்டு மே 28-ந் தேதிதான் தூர் வாரும் வேலையைத் தொடங்கினார்கள். 83 வருஷம் கழித்து! அதுவும் எப்படி முடிந்தது? அந்த வருஷம் கடுமையான வறட்சி. நீர்மட்டம் பாதாளத்துக்குப் போய்விட்டது. காய்ந்த இடத்தில் வண்டி இறங்கியது.

அதாவது, விவசாயி தலையில் கை வைக்கிற வருஷம்தான் தூர் வார நல்ல வருஷம். இது என்ன நியாயம்?

சுரங்கக்காரன் காத்திருப்பதில்லை

தண்ணீர் வற்றட்டும் என்று சுரங்கத் தொழில் உட்கார்ந்து இருப்பதில்லை. தண்ணீர் இருக்கும்போதே வேலை பார்க்க அது கற்றுக்கொண்டது.

ஒடிசாவில் சத்ரபூர் என்று ஓர் ஊர். அங்கே கடற்கரை மணலில் இருந்து கனிமங்களைப் பிரித்து எடுக்கிறது, மத்திய அரசின் இந்திய அருமணல் நிறுவனம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்திருக்கும் அதே நிறுவனம்தான். சத்ரபூரில் மணலுக்கு நடுவே குளம் போல தண்ணீரைத் தேக்கி, அதில் டிரெட்ஜரை மிதக்க விடுகிறார்கள். மணலை அது வெட்டி, தண்ணீரோடு உறிஞ்சி, பிரிக்கும் ஆலைக்குக் குழாயில் அனுப்புகிறது. லாரியும் இல்லை, புழுதியும் இல்லை.

டிரெட்ஜர் என்றால் தமிழ்நாட்டில் பல பேருக்கு 2005-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம்தான் நினைவுக்கு வரும். கப்பல் அளவு பெரிசு என்று நினைப்பார்கள். அப்படி அல்ல. இரண்டு மூன்று லாரியில் பிரித்து ஏற்றிவந்து, கரையில் பூட்டி, தண்ணீரில் இறக்குகிற சின்ன டிரெட்ஜரும் உண்டு. ஒரு மிதவை. அதன் முன்னால் நீளமான கை. கையின் நுனியில் சுழலும் வெட்டும் தலை. அது சேற்றைக் கலக்கும். பம்பு உறிஞ்சும். மிதக்கும் குழாய் வழியாகச் சேறு கரைக்குப் போகும்.

மணிக்கு 500 கன மீட்டர் சேற்றுத் தண்ணீரை இழுக்கிற ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளலாம். அதில் 15 சதவீதம் மண் என்றால் மணிக்கு 75 கன மீட்டர். பத்து மணி நேர வேலைக்கு 750 கன மீட்டர். சுமார் 130 லோடு! இது அணை காய வேண்டும் என்று கேட்காது. வருஷத்தில் 250 நாள் ஓடும். முன்னே சொன்ன அதே மண்ணை ஒரே மெஷின் எட்டரை வருஷத்தில் எடுத்துவிடும். 23 எங்கே, எட்டரை எங்கே?

இறக்குமதி பண்ணிடலாமா?

"அப்படின்னா வெளிநாட்டுல ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்பார்கள். அங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது. அது தூரத்தில் இல்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, விருத்தாசலம் தாண்டினால் நெய்வேலி.

நெய்வேலியில் 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியில் இருந்து ராட்சத சக்கர எந்திரங்கள் வந்தன. ஜெர்மனி மண்ணில் வெண்ணெய் வெட்டுவது போல வெட்டிய எந்திரம் அது. இங்கே நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்கல்லைக் கடித்ததும், எந்திரத்தின் பல் தேய ஆரம்பித்தது. பிறகு வெடி வைத்து மண்ணைத் தளர்த்தினார்கள். பல்லை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். அப்புறம்தான் வழிக்கு வந்தது.

இந்த மண்ணுக்குத் தக்க பல்லை, இங்கே உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. நெய்வேலி சொல்லும் பாடம் அதுதான்.

கோமுகிக்கும் அதே பாடம். துறைமுகத்துக்குச் செய்த டிரெட்ஜரைக் கொண்டுவந்து இறக்கினால், வாய்ப்பக்கம் உருண்டு கிடக்கும் கல் அதன் பம்பை உடைக்கும். மரவேர் சுற்றிக்கொள்ளும். சருகு அடைக்கும். மணல் உரசி உரசி பம்பின் வயிற்றை ஓட்டை போடும். மலையடிவார அணைக்கு என்றே ஒரு மெஷின் வேண்டும். வேரை நறுக்கும் கத்தி, கல்லைத் தடுக்கும் சல்லடை, தேய்ந்தால் மறுநாளே மாற்றக்கூடிய பாகம், இதெல்லாம் வேண்டும்.

33 அடி ரகசியம்

இன்னொரு சங்கதி. உறிஞ்சுவது என்று சொல்கிறோமே, உண்மையில் பம்பு எதையும் உறிஞ்சுவதில்லை. குழாயில் வெற்றிடம் உண்டாக்குவதுதான் அதன் வேலை. வெளியே இருக்கும் காற்று தண்ணீரை அழுத்தி, குழாய்க்குள் ஏற்றுகிறது. சென்னையில் ஓடும் கழிவுநீர் லாரியும் இப்படித்தான் வேலை பார்க்கிறது.

அந்தக் காற்றின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. சுமார் 33 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும். அவ்வளவுதான். எத்தனை குதிரைசக்தி மோட்டார் வைத்தாலும் அதற்கு மேல் ஓர் அடி ஏறாது. கள்ளக்குறிச்சி விவசாயிகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கி வைத்தவர்கள் அவர்கள். கடைசியில் மோட்டாரையே தண்ணீருக்குள் முக்கினார்கள்.

அணையிலும் அதே கதைதான். கிணற்றில் வாளி விட்டவர்களுக்குத் தெரியும். வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை கனக்காது. ஆனால் வாளியில் சேறு இருந்தால், தண்ணீருக்குள்ளேயே கை இழுக்கும். மிதவை மேல் பம்பு இருந்தால், அந்தச் சேற்றுக் கனம், குழாயின் உராய்வு எல்லாவற்றையும் அந்த 33 அடி பலத்துக்குள்தான் சமாளிக்க வேண்டும். ஆழம் கூடக் கூட, மெஷின் சேற்றை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை இழுக்கும். டீசலுக்குப் பிடித்த கேடு!

வழி ஒன்றுதான். பம்பை மிதவையில் வைக்காதே. கையின் நுனியில், சேற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வை. கீழே இருந்து மேலே தள்ளு.

கடலடியில் ஜெயித்த கை

இது ஆகிற காரியமா? தமிழ்நாட்டிலேயே ஆகிக்கொண்டிருக்கிற காரியம்.

சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993-ல் தொடங்கியது. இந்தியப் பெருங்கடலின் நடுவே, கடலடியில் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டை உருண்டையாகக் கனிமக் கட்டிகள் கிடக்கின்றன. மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட், தாமிரம் எல்லாம் அதில் உண்டு. 75 ஆயிரம் சதுர கிலோமீட்டரில் தேடிப் பார்க்க, சர்வதேச கடலடி ஆணையத்தோடு இந்தியா 2002-ல் ஒப்பந்தம் போட்டது.

அதை எடுக்க மெஷின் வேண்டுமே? ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் கடல் மணலை உறிஞ்சிப் பார்த்தார்கள். கற்றுக்கொண்டார்கள். அப்புறம் "வராகா" என்ற மெஷின் வந்தது. பீரங்கி வண்டி போல சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகும். கட்டிகளைப் பொறுக்கி, நொறுக்கி, கீழே இருந்தே பம்பு மூலம் குழாயில் மேலே தள்ள வேண்டும் என்பது திட்டம். 2021-ல் அது 5,270 மீட்டர் ஆழத்தில் இறங்கி, கடலடியில் நகர்ந்து காட்டியது. 17 ஆயிரம் அடிக்கு மேல்! 2024-ல் அந்தமான் கடலில் 1,173 மீட்டர் ஆழத்தில் கனிமக் கட்டிகளை எடுத்தும் காட்டினார்கள்.

ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-ல் மத்திய மந்திரிசபை ஒதுக்கிய தொகை 4,077 கோடி ரூபாய். கடலடி உயிர்கள் கெட்டுப்போகும் என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகள் எச்சரிப்பது தனி விவகாரம். கை தேர்ந்த என்ஜினீயர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது மட்டும் சந்தேகம் இல்லை.

பம்பு செய்யும் கோயம்புத்தூர் வேறு பக்கத்திலேயே இருக்கிறது. 1930-களிலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. பள்ளிக்கரணையின் மூளையும் கோயம்புத்தூரின் பட்டறையும் நெய்வேலியின் அனுபவமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், 46 அடி அணைக்கு ஒரு மெஷின் பிறக்காதா? கோமுகிக்கு மட்டுமா? மணிமுக்தாவுக்கு ஆகும். மலையை ஒட்டிய மற்ற அணைகளுக்கும் ஆகும்.

மணல் ஆசாமிகள் ஜாக்கிரதை!

இந்த யோசனைக்கு விவசாயிகளிடம் இருந்தே ஓர் எதிர்ப்பு வரும். அது நியாயமான எதிர்ப்பு.

"வண்டல்னு சொல்லி மெஷினை இறக்குவாங்க. ராத்திரியோட ராத்திரியா மணலை அள்ளிட்டுப் போயிடுவாங்க."

ஆற்று மணல் போன வழியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உறிஞ்சுகிற மெஷினுக்கு மனசாட்சி கிடையாது. அதை இயக்குகிற கைக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும்.

ஆகவே மெஷினோடு சட்டமும் இறங்க வேண்டும். எவ்வளவு மண் போகிறது என்று காட்டும் மீட்டர் குழாயிலேயே இருக்க வேண்டும். அன்றாடக் கணக்கை அணைக்கரையில் போர்டில் எழுதிப்போட வேண்டும். வாய்ப்பக்கத்து மணலில் தனியார் யாரும் கை வைக்கக் கூடாது. எடுத்த மணலை பொதுப்பணிக்கு மட்டும், சர்க்கார் கணக்கில் கொடுக்கலாம். ராத்திரி வேலை கூடவே கூடாது. அணையில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களையும் கேட்டு, மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் மெஷினை நிறுத்தி வைக்க வேண்டும்.

எடுத்த வண்டல் எங்கே போகும்? அதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. ஏரி, குளத்து வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு உண்டு. 2024-ல் விதியைச் சுலபமாக்கி, தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று செய்தார்கள். அணைக்குக் கீழே தொட்டி வெட்டி, சேற்றுத் தண்ணீரை விட்டு, மண் படிந்ததும் தெளிந்த நீரை வாய்க்காலில் விடலாம். ஒரு சொட்டும் வீண் இல்லை. காய்ந்த வண்டலை மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வயலுக்கு ஓட்டிப் போகலாம். மலையின் மேல்மண் அது. உரக்கடைக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சமாவது மிஞ்சும்.

மலையைக் கேட்காமல் முடியாது

கீழே அள்ளிக்கொண்டே இருந்தால் போதுமா? ஓட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய கதை ஆகும். மண் எங்கே இருந்து வருகிறதோ, அங்கேயும் வேலை வேண்டும்.

கல்வராயன் மலையில் காடு குறைந்த சரிவுகளில் மரவள்ளி போடுகிறார்கள். கிழங்கு பிடுங்கும்போது மண் முழுக்கப் புரண்டுவிடும். அடுத்த மழை அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். இதற்கு மலைவாழ் மக்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கும் அதுதான் சோறு. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. சர்க்கார் சாலையும் பள்ளிக்கூடமும் அங்கே ஏறியதே அப்புறம்தான். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு, ஓடையில் சின்னச் சின்ன தடுப்பணை, வரப்பில் மரம், இதற்கான கூலியை அவர்களுக்கே கொடுத்தால், மண்ணும் மலையில் தங்கும், மக்களும் தங்குவார்கள். கேரளாவுக்குக் கூலி வேலைக்கு பஸ் ஏற வேண்டாம்.

பணத்துக்கு எங்கே போவது?

இதற்கும் சுரங்கமே பதில் சொல்லும். 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டம் தோறும் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். குவாரி நடத்துகிறவர்கள் ராயல்டியோடு சேர்த்து அதற்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும். குடிநீர், சுற்றுச்சூழல், பாசனம் ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க விதியில் இடம் இருக்கிறது. பூமியைத் தோண்டி வந்த பணம், பூமியை விட்டு ஓடிவந்த மண்ணை எடுக்கச் செலவானால் பொருத்தம்தானே? மாதிரி மெஷினுக்கு மத்திய, மாநில சர்க்கார்கள் ஒரு பங்கு போடட்டும்.

முதல் வேலை ஒன்று உண்டு. அதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒலி அலையால் ஆழம் பார்க்கும் கருவியோடு ஒரு படகை இறக்கி, கோமுகியின் அடிமட்டத்தை அளக்க வேண்டும். பூண்டியில் இருக்கும் நீரியல் ஆய்வு நிறுவனத்துக்கு இது கைவந்த வேலை. அளந்த கணக்கை பீரோவுக்குள் பூட்டி வைக்காமல், அணை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப்போட வேண்டும். தண்ணீர் இத்தனை அடி. அதற்கு அடியில் சேறு இத்தனை அடி.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது. இனி எதற்கும் விழுப்புரம் ஓட வேண்டாம் என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். மாவட்டம் தனியாக வந்ததற்கு அடையாளமாக ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்றால், அது கோமுகித் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது.

பள்ளிக்கரணையில் இருந்து நடுக்கடலுக்குப் போகிற வழி விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கரணையில் இருந்து கச்சிராயப்பாளையத்துக்கு வர, தார் ரோடே இருக்கிறது. கூப்பிட வேண்டியது கோட்டையின் வேலை!